தூணுக்கு அணிவித்த கவசம்



நாம் நாள்தோறும் பல கட்டடங்களுக்குள் புகுந்து வெளிவருகிறோம். பள்ளிக்கூடம், நூல்நிலையம், மருத்துவமனை, புகைவண்டி நிலையம் என அவை பல. அவற்றின் மாடிகளைத் தாங்கி நிற்கும் தூண்களை நின்று நோக்குவார் மிகச் சிலரே. பருத்த தூண் வலியது, மெலிந்த தூண் வலியற்றது என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணத்தில் ஓரளவு உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. கான்கிரீட் தூணின் வலிமை அதன் பருமனில் மட்டும் இல்லை; அதனைச் சுற்றிக் கட்டியிருக்கும் கட்டிலும் இருக்கிறது. இந்த உண்மையைப் பொறியியல் அறிஞர்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் முன்னரே கண்டனர். ஆயினும் இடிபாடுகளின் நடுவே நின்று மீண்டும் ஒருமுறை கற்க வேண்டியவர்களாயினர். பழைய தூணைச் சுற்றிப் புதிதாகக் கம்பி கட்டி, அதன்மேல் கான்கிரீட் வார்த்து வலுப்படுத்தும் முறை அப்பாடத்தின் பயனாகவே பெருவழக்குப் பெற்றது. பொறியாளர் இதனை 'ஜாக்கெட்' இடுதல் என்பர். நாம் இதனைக் கவசம் என்று சொல்வோம். இக்கவசத்தின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் கான்கிரீட்டின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். சிமெண்டு, மணல், ஜல்லி, தண்ணீர் ஆகிய நான்கும் கலந்து இறுகிய செயற்கைக் கல்லே கான்கிரீட். இன்று உலகெங்கும் வழங்கும் போர்ட்லண்டு சிமெண்டின் பெயர், 1824-ஆம் ஆண்டில் ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் ஆங்கிலேயர் பெற்ற காப்புரிமையிலிருந்து வந்தது. இக்கல் அழுத்தத்தை நன்கு தாங்கும், இழுப்பைத் தாங்காது. கரும்பலகையில் எழுதும் சுண்ணாம்புக் கட்டியை நிமிர்த்தி வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள், அது தாங்கும். அதனையே இரு முனைகளிலும் பிடித்து வளைத்துப் பாருங்கள், சட்டென ஒடியும். கான்கிரீட்டின் குணமும் இதுவே.

இக்குறையை நீக்க இரும்பு துணைக்கு வந்தது. பிரெஞ்சு நாட்டுத் தோட்டக்காரரான ஜோசப் மோனியே, செடித்தொட்டிகளின் உடலுக்குள் இரும்புக் கம்பியைப் பொதிந்து வார்க்கும் முறைக்கு 1867-இல் காப்புரிமை பெற்றார். அந்நாட்டிலேயே பிரான்சுவா என்னபிக் என்பவர், தூணும் உத்தரமும் தளமும் ஓருடலாக இணைந்து நிற்கும்படி கம்பியிட்டு வார்க்கும் முறைக்கு 1892-இல் காப்புரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் நகரங்கள் அனைத்தும் இம்முறையின் மேல் எழுந்தவை என்றே கூறலாம்.

அத்தூணின் உள்ளே இருவகைக் கம்பிகள் உள. நெட்டுக்கு நெட்டாக நிற்பவை ஒருவகை. அவை சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றைச் சுற்றிக் குறுக்கே கட்டப்படும் மெல்லிய வளையங்கள் மற்றொரு வகை. நம் கம்பி கட்டும் தொழிலாளர் இவற்றை 'ரிங்' என்பர். நெட்டுக் கம்பிகள் கண்ணுக்குப் பெரியவை, வளையங்கள் சிறியவை. ஆதலால் நெட்டுக் கம்பிகளுக்குக் கிடைத்த மதிப்பு வளையங்களுக்குக் கிடைக்கவில்லை. கம்பிகள் இடம் பெயராமல் பிடித்துக்கொள்வது மட்டுமே அவற்றின் வேலை என்று பலரும் கருதினர்.

வளையத்தின் உண்மையான பணியை முதலில் விளங்கக் காட்டியவருள் தலையாயவர் அர்மான் கான்சிதேர் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1902-ஆம் ஆண்டை ஒட்டி, அவர் கான்கிரீட் உருளைகளைச் சுருள் கம்பியால் நெருங்கச் சுற்றி அழுத்திச் சோதித்தார். சுற்றாத உருளை சிதறும் சுமையை, சுற்றிய உருளை எளிதில் தாங்கி மேலும் சுமந்தது. காரணம் யாது? மேலிருந்து அழுத்தப்படும் பொருள் பக்கவாட்டில் பருக்க முயல்கிறது. பருக்க இடம் இருந்தால் அது பிளந்து சிதறும். பருக்க விடாமல் சுற்றிலும் இறுகப் பிடித்துக்கொண்டால் பிளவு தடைப்படும். தாங்கும் ஆற்றல் உயரும்.

நம் ஊரில் இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தரையில் குவித்த மணலின் மேல் ஏறி நின்றால் மணல் சரிந்து கால் புதையும். அம்மணலையே சாக்கில் இறுக அடைத்து வாயைத் தைத்துவிட்டால், அம்மூட்டையின் மேல் பத்து மூட்டைகளை அடுக்கலாம். மணலின் தன்மை மாறவில்லை. அதனைச் சூழ்ந்த சாக்கு அதற்கு வலிமை தந்தது. மாட்டு வண்டிச் சக்கரத்தின் மேல் கொல்லர் இரும்புப் பட்டையைக் காய்ச்சி ஏற்றுவதும் இதுபோன்றதே. பட்டை குளிர்ந்து சுருங்கி, தனித்தனி மரத்துண்டுகளை ஒரே சக்கரமாக இறுக்குகிறது.

கான்சிதேர் கண்டதை அமெரிக்க அறிஞர்கள் அளந்து கணக்காக்கினர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட், பிராண்ட்சேக், பிரவுன் ஆகிய மூவரும் 1928-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. பக்கவாட்டில் ஒரு பங்கு அழுத்தம் கொடுத்தால், மேலிருந்து தாங்கும் வலிமை ஏறத்தாழ நான்கு பங்கு உயர்கிறது என்பது அவர்கள் கண்ட விடை. ஒன்று கொடுத்து நான்கு பெறுவது பெரும் ஆதாயம் அன்றோ? ஆயினும் நாடெங்கும் எழுந்த சதுரத் தூண்களில் வளையங்கள் மெல்லியனவாகவும், ஒன்றுக்கொன்று தொலைவாகவுமே கட்டப்பட்டு வந்தன. ஜப்பானில்கூட, முப்பது சென்டிமீட்டருக்கு ஒரு வளையம் போதும் என்றே பழைய விதி இருந்தது. 1968-ஆம் ஆண்டு மே மாதம் டோக்காச்சி-ஓக்கி நிலநடுக்கத்தில் தூண்கள் பல குறுக்கே வெட்டுண்டது போலச் சாய்ந்த பின்னரே, 1971-இல் அவ்விதி திருத்தப்பட்டது. தூணின் இரு முனைகளையும் ஒட்டிய பகுதியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு வளையம் வேண்டும் என்று அப்போது வகுத்தனர்.

அதே 1971-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. வளையத்தின் பெருமைக்கு அதனைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. பிப்ரவரி 9-ஆம் நாள் காலை ஆறு மணிக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடக்கே சான் பெர்னாண்டோ பகுதியில் நிலம் நடுங்கியது. அங்கே ஆலிவ் வியூ மருத்துவமனையின் புதிய கட்டடம் திறக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. அதன் மேல்மாடிகளில் சுவர்கள் மிகுதி. கீழ்த்தளங்களில் தூண்களே மிகுதி. ஆகவே ஆட்டம் முழுவதும் கீழ்த்தூண்களின் தலையில் வந்து விழுந்தது. கட்டடம் சுமார் இரண்டடி சாய்ந்து, சாய்ந்தபடியே நின்றுவிட்டது.

இடிபாட்டை ஆராயச் சென்றவர்கள் அங்கே கண்டது என்ன? ஒரே கட்டடம், ஒரே ஆட்டம், ஆனால் தூண்கள் இருவகை. தொலைவு தொலைவாக வளையமிட்ட தூண்கள் நொறுங்கிக் கற்குவியலாகிவிட்டன. சுருள் கம்பியால் நெருங்கச் சுற்றிய தூண்களிலோ மேற்புறக் கான்கிரீட் மட்டும் உதிர்ந்து போயிற்று. உள்ளே சுருளுக்குள் அடங்கிய பகுதி வளைந்தும் கோணியும் இருந்ததே தவிர, சுமையை விட்டுவிடவில்லை. அத்தூண்கள் பிடித்துக்கொண்டமையால் கட்டடம் மண்மேடாகாமல் தப்பியது. கட்டடம் பயனற்றதாகிப் பின்னர் இடிக்கப்பட்டது உண்மையே. ஆனால் உள்ளிருந்தோரில் மிகப் பெரும்பாலோர் உயிர் பிழைத்தனர். எழுபது ஆண்டுகளுக்கு முன் கான்சிதேர் ஆராய்ச்சிக் கூடத்தில் காட்டியதை, நிலநடுக்கம் ஊரறியக் காட்டிவிட்டது.

புதிதாகக் கட்டுவோர் இனி வளையங்களை நெருங்கக் கட்டலாம். விதிகளும் அவ்வாறே திருத்தப்பட்டன. ஆனால் முன்னரே கட்டி முடித்து, மக்கள் குடியிருந்து, மாணவர் பயின்று, நோயாளிகள் படுத்திருக்கும் கட்டடங்களை என்ன செய்வது? அவற்றையெல்லாம் இடித்துப் புதிதாகக் கட்ட எந்த நாட்டிடமும் பொருள் இல்லை. இந்த வினாவை மிகக் கடுமையாக எழுப்பிய நகரம் மெக்சிகோ.

மெக்சிகோ நகரம் ஓர் ஏரியின் மேல் எழுந்த நகரம். ஆஸ்டெக் மக்கள் டெக்ஸ்கோகோ ஏரியின் நடுவே தீவு ஒன்றில் டெனோச்டிட்லான் என்னும் தலைநகரை அமைத்திருந்தனர். 1521-இல் ஸ்பானியர் அதனைக் கைப்பற்றினர். பிற்காலத்தில் ஏரி நீர் வடிக்கப்பட்டது. வண்டலும் களிமண்ணும் எஞ்சின. நீர் நிறைந்த அந்த மெல்லிய களியின் மேல் இருபதாம் நூற்றாண்டில் பலமாடிக் கட்டடங்கள் எழுந்தன.

1985-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் காலை 7 மணி 19 நிமிடத்துக்கு நிலம் நடுங்கியது. நடுக்கம் தோன்றிய இடம் பசிபிக் கரையோரம். நகரிலிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால். அதன் அளவு 8. இத்தனை தொலைவு கடந்து வரும் நடுக்கம் தளர்ந்துவிடும் என்பதே இயல்பான எதிர்பார்ப்பு. நகரின் புறத்தே கெட்டியான தரையில் அவ்வாறே தளர்ந்தும் இருந்தது. ஆனால் ஏரிக் களிமண் அந்த மெல்லிய அசைவை வாங்கிப் பெருக்கியது. தட்டில் வைத்த களி தட்டு அசைந்த பின்னும் தளதளவென்று ஆடுவதுபோல, தரை இரண்டு வினாடிக்கு ஒருமுறை என்னும் தாளத்தில் ஆடியது. ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்ப ஒவ்வொரு முறையும் தள்ளினால் ஆட்டம் பெருகிக்கொண்டே போகும் அன்றோ? அந்தத் தாளத்துக்கு நெருங்கிய இயல்பான ஆட்டம் உடையவை ஏறத்தாழ ஆறு முதல் பதினைந்து மாடி வரையுள்ள கட்டடங்கள். அவையே மிகுதியாக விழுந்தன. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பள்ளிக்கூடங்கள் பல சேதமுற்றன. காலை நேரம் ஆதலால் பெரும்பாலான வகுப்பறைகள் வெறிச்சோடி இருந்தன. அந்த ஒன்றே பெற்றோருக்கு ஆறுதல். ஒரு மணி நேரம் தாழ்ந்து நடுங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை, வாழ்நாளைப் பள்ளியில் கழித்த என்னால் அமைதியாக எண்ணிப் பார்க்க இயலவில்லை.

விழுந்த கட்டடங்களைவிட விழாமல் நின்ற கட்டடங்களே பொறியாளருக்குப் பெருங்கவலையாயின. விரிசலுற்ற தூண்களுடன் அவை நின்றன. 1964-இல் கட்டி முடிந்த டிலாடெலோல்கோ குடியிருப்பில் நுவோ லியோன் என்னும் பெரிய கட்டடத்தின் மூன்று பகுதிகளுள் இரண்டு சாய்ந்து பலரைப் பலிகொண்டன. அக்குடியிருப்பின் எஞ்சிய கட்டடங்களில் சில இடிக்கப்பட்டன, சிலவற்றின் மேல்மாடிகள் குறைக்கப்பட்டன, பல வலுப்படுத்தப்பட்டன. அரசு 1985 அக்டோபரிலேயே அவசர விதிகளையும் 1987-இல் முழுமையான புதிய கட்டட விதிகளையும் வெளியிட்டது. புதிய விதி பழைய கட்டடத்துக்கும் பொருந்த வேண்டுமாயின் பழைய தூண்களை வலுவாக்க வேண்டும். அவ்வேலைக்கு மெக்சிகோ நகரில் மிகுதியாகக் கையாளப்பட்ட முறைகளுள் ஒன்றே கான்கிரீட் கவசம். தூணுக்கு மேலும் கான்கிரீட் போர்த்தும் வழக்கம் முன்பே இருந்தது. ஆயினும் ஒரு பெருநகரம் முழுவதும் பரவலாக அது செய்யப்பட்டதும், நன்மை தீமைகள் வெளிப்பட்டதும் அங்கேதான் எனலாம்.

கவசம் இடும் வேலை எவ்வாறு நடைபெறுகிறது? முதலில் தூணின் சுமையைக் குறைக்க உத்தரங்களுக்கு முட்டுக் கொடுக்கிறார்கள். பின்னர்த் தூணின் பூச்சை அகற்றி, பழுதான கான்கிரீட்டை நீக்கி, நல்ல பகுதியையும் ஜல்லி தெரியும்வரை உளியால் பொளிந்து சொரசொரப்பாக்குகிறார்கள். தூசியைப் போக்கிக் கழுவுகிறார்கள். தேவையான இடங்களில் பழைய தூணில் துளையிட்டு இணைப்புக் கம்பிகளைப் பதிக்கிறார்கள். தூணைச் சுற்றிப் புதிய நெட்டுக் கம்பிகளை நிறுத்தி, நெருங்கிய வளையங்களால் கட்டுகிறார்கள். அதன்பின் பலகை அடைத்து, சிறு ஜல்லிக் கான்கிரீட்டை இடைவெளியின்றி நிரப்பிப் பல நாள் ஈரம் காக்கிறார்கள்.

இதில் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் உண்டு. பொளிதல் எதற்கு? பழைய கான்கிரீட் சுருங்க வேண்டிய அளவு சுருங்கி முடிந்தது. புதியது இனிமேல்தான் சுருங்கும். இரண்டும் பற்றிக்கொள்ளாவிட்டால் கவசம் வேறு, தூண் வேறு என்று ஆகிவிடும். முட்டுக் கொடுத்தல் எதற்கு? சுமை முழுவதும் பழைய தூணின் மேல் இருக்கும்போதே கவசமிட்டால், அச்சுமையைப் பழைய தூணே தொடர்ந்து சுமக்கும். பின்னர் வரும் சுமையில் மட்டுமே கவசம் பங்குகொள்ளும். துருக்கி நாட்டில் அங்காராவில் நடந்து 1993-இல் வெளியான சோதனைகள் இதனை உறுதிப்படுத்தின. பழுதுற்ற தூணின் சுமையை இறக்கிவிட்டுக் கவசமிட்டபோது நற்பயன் விளைந்தது. சுமையோடு கவசமிட்டபோது எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை.

வளையத்தின் முனையை மடக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. செங்கோணமாக மட்டும் மடக்கினால், மேற்புறக் கான்கிரீட் உதிர்ந்தவுடன் மடிப்பு விரிந்து வளையம் திறந்துகொள்ளும். 135 பாகை மடக்கி முனையைத் தூணின் உட்பகுதிக்குள் செலுத்திவிட்டால் அது திறவாது. விரல் நீளக் கம்பியை எப்படி மடக்குகிறோம் என்பதில் ஒரு கட்டடத்தின் உயிர் இருக்கிறது என்பது மிகைக் கூற்று அன்று.

இனி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் உள்ள சதுரத் தூணைச் சுற்றிலும் 10 சென்டிமீட்டர் கனத்தில் கவசம் இடுவதாகக் கொள்வோம். தூணின் பக்கம் 50 சென்டிமீட்டர் ஆகிவிடும். பரப்பு 900 சதுர சென்டிமீட்டரிலிருந்து 2,500 ஆக உயரும். அஃதாவது ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு. ஆனால் வளையாமல் விறைத்து நிற்கும் தன்மை, பக்க அளவின் நான்காம் பெருக்கத்தைப் பொறுத்தது. அது ஏறத்தாழ ஏழே முக்கால் மடங்கு உயரும். இவ்விரண்டு எண்களும் ஒன்றாக உயரவில்லை என்பதைக் கவனியுங்கள். கவசத்தின் நன்மையும் ஆபத்தும் இங்கேதான் இருக்கின்றன.

ஆபத்து எவ்வாறு? நிலம் ஆடும்போது, ஒரு மாடியில் உள்ள தூண்களுள் மிக விறைப்பான தூணே மிகுதியான விசையைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. பத்துத் தூண்களில் விரிசல் கண்ட இரண்டுக்கு மட்டும் கவசமிட்டால், அவ்விரண்டும் மற்றவற்றின் பங்கையும் சேர்த்துச் சுமக்க நேரிடும். கீழ்த்தளத்துக்கு மட்டும் கவசமிட்டால் பலவீனம் மறைவதில்லை. அடுத்த மாடிக்கு ஏறிவிடுகிறது. அடித்தளத்தையும் மறத்தல் ஆகாது. கவசத்தின் எடையும் அது வாங்கும் விசையும் கடைசியில் மண்ணுக்கே போய்ச் சேர வேண்டும். மெக்சிகோவின் மெல்லிய களியில் இது பெருஞ்சிக்கலாயிற்று. சில கட்டடங்களுக்குப் புதிதாக முளைத்தூண்களும் இறக்க வேண்டியதாயிற்று. ஆகவே கவசம் ஒரு தூணுக்குச் செய்யும் சிகிச்சை அன்று. கட்டடம் முழுவதற்கும் செய்யும் சிகிச்சை.

மற்றொரு சிக்கல் தளத்தைக் கடப்பது. தூணைச் சுற்றிய கவசம் தளத்தின் அடியில் நின்றுவிட்டால், அம்மாடியில் தூண் பருக்குமே தவிர, மாடிக்கு மாடி இணைப்பு வலுப்பெறாது. தூணும் உத்தரமும் சந்திக்கும் மூட்டே நிலநடுக்கத்தில் பெரும்பாடு படும் இடம். ஆதலால் நெட்டுக் கம்பிகள் தளத்தைத் துளைத்து மேலே செல்ல வேண்டும். ஆனால் நான்கு புறமும் உத்தரங்கள் வந்து சேரும் இடத்தில் கம்பி செல்ல வழி ஏது? மெக்சிகோவில் தூணின் நான்கு மூலைகளிலும் தளத்தில் துளையிட்டு, கம்பிகளைக் கற்றையாகச் சேர்த்து அத்துளைகளின் வழியே செலுத்தினர். இம்முறை உண்மையில் பயன் தருமா என்பதை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் செர்கியோ அல்கோசெர், ஜேம்ஸ் ஜிர்சா ஆகிய இருவரும் பெரிய மாதிரிகளைச் செய்து சோதித்து 1993-இல் முடிவுகளை வெளியிட்டனர். மூட்டுகளில் வளையம் கட்ட இடமில்லாத குறையை, மூட்டைச் சுற்றி எஃகுக் கோணச் சட்டங்களாலான கூடு அமைத்து ஈடுசெய்யும் வழியையும் அவர்கள் ஆராய்ந்தனர். 1994-இல் ரோட்ரிகெஸ், பார்க் ஆகிய இருவரும் நியூசிலாந்தின் காண்டர்பரி பல்கலைக்கழகச் சோதனைகளை வெளியிட்டனர். பழைய முறையில் கட்டப்பட்ட தூண்களுக்குக் கவசமிட்டபோது அவற்றின் வலிமையும் விறைப்பும் பெரிதும் உயர்ந்தன. சேதமுற்றுப் பின் செப்பனிட்டுக் கவசமிட்ட தூணும் ஏறத்தாழ அவ்வாறே உழைத்தது. அடிபட்ட தூணையும் காக்கலாம் என்ற நம்பிக்கைக்கு இவை அடிப்படையாயின.

கவசம் கான்கிரீட்டால் மட்டுமே ஆக வேண்டும் என்பதில்லை. கலிபோர்னியாவில் பாலத்தூண்களுக்கு எஃகுத் தகட்டுக் கவசம் அணிவித்தனர். 1994 ஜனவரி 17-ஆம் நாள் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் பாலங்கள் சில விழுந்தன. கவசமிட்ட தூண்களையுடைய பாலம் எதுவும் விழவில்லை. சரியாக ஓராண்டு கழித்து, 1995 ஜனவரி 17-ஆம் நாள், ஜப்பானில் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியது. ஹான்ஷின் விரைவுச் சாலைப் பாலத்தில் 635 மீட்டர் நீளம் தூண்களோடு பக்கவாட்டில் சாய்ந்தது. அதன் பின்னர் அந்நாட்டில் எண்ணற்ற பாலத்தூண்கள் எஃகாலும் கான்கிரீட்டாலும் கவசம் பெற்றன. பழைய கட்டடங்களை வலுப்படுத்துவதை ஊக்குவிக்கும் சட்டமும் அவ்வாண்டிலேயே இயற்றப்பட்டது. பொருள் எதுவாயினும் தத்துவம் ஒன்றே: உள்ளே இருப்பதைச் சிதறவிடாமல் வெளியிலிருந்து தழுவிக்கொள்ளுதல்.

நம் நாட்டுக்கும் இப்பாடம் கொடிய விலையோடு வந்தது. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள், குடியரசு நாள் காலையில், குஜராத்தின் கச்சுப் பகுதியில் நிலம் நடுங்கியது. நடுக்கம் தோன்றிய இடத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்தில் பலமாடிக் கட்டடங்கள் சரிந்தன. வண்டி நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தில் சுவரின்றித் தூண்களை மட்டும் நிறுத்திய கட்டடங்களே அவற்றுள் மிகுதி. மேலே சுவர், கீழே தூண், தூணில் தொலைவு தொலைவாக வளையம். ஆலிவ் வியூ மருத்துவமனையின் கதை முப்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் நடந்தது. பழைய கான்கிரீட் கட்டடங்களை மதிப்பிட்டு வலுப்படுத்துவதற்கான இந்தியத் தர விதி 2013-இல் வெளியாயிற்று. அதன் எண் 15988. கவசத்தின் கனம் குறைந்தது 100 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும், புதிய கான்கிரீட் பழையதைவிட வலியதாக இருத்தல் வேண்டும், வளைய முனைகளை 135 பாகை மடக்குதல் வேண்டும் என்பன அதிலுள்ள விதிகளுட் சில. இவ்விதிகளின் பின்னே எத்தனை ஊர்களின் அழுகை இருக்கிறது என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள்.

இறுதியாக, மெக்சிகோவுக்கு மீண்டும் ஒருமுறை செல்வோம். 1985-இன் நினைவாக, செப்டம்பர் 19-ஆம் நாள் நிலநடுக்க ஒத்திகை நடத்துவது அங்கே வழக்கமாயிற்று. 2017-ஆம் ஆண்டும் அந்நாளில் காலை பதினொரு மணிக்கு ஒத்திகை நடந்தது. மக்கள் ஒழுங்காக வெளியே வந்து, மீண்டும் தத்தம் இடங்களுக்குத் திரும்பினர். அன்றே பகல் ஒன்றேகால் மணி அளவில் 7.1 அளவுடைய உண்மையான நிலநடுக்கம் வந்தது. மெக்சிகோ நகரில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடிந்த கட்டடங்களுள் பெரும்பாலானவை 1985-க்கு முன் கட்டப்பட்டவை. எதனைச் செய்ய வேண்டும் என்பது முப்பத்திரண்டு ஆண்டுகளாகத் தெரிந்திருந்தது. ஆனால் அது எல்லாக் கட்டடங்களுக்கும் போய்ச் சேரவில்லை.

மாணவர்களே! அறிவு பிறப்பது ஒரு நிலை. அது நடைமுறைக்கு வருவது வேறொரு நிலை. கான்சிதேரின் சோதனைக்கும் ஆலிவ் வியூவுக்கும் இடையே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றன. அந்த இடைவெளியில் கட்டப்பட்ட தூண்களில் பல இன்றும் உலகெங்கும் சுமை தாங்கி நிற்கின்றன. அவற்றைப் பார்த்த அளவில் குறை தெரியாது. பூச்சும் வண்ணமும் எல்லாவற்றையும் மறைத்துவிடும். விரிசலின் மேல் பூசும் பூச்சு கவசம் ஆகாது. எந்த ஆண்டில் கட்டினர், வளையம் எத்தனை நெருக்கம், கீழ்த்தளம் திறந்த வெளியா என்று கேட்போருக்கே உண்மை விளங்கும். உங்களுள் சிலர் பொறியாளர் ஆவீர்கள். சிலர் ஆசிரியர் ஆவீர்கள். சிலர் ஊர்ப் பொறுப்பை ஏற்பீர்கள். யாராயினும், பலர் கூடும் ஒரு கட்டடத்தின் பொறுப்பு உங்கள் கைக்கு வரும் நாளில் இக்கேள்விகளைக் கேளுங்கள். நிலம் அசையாதிருக்கும் காலத்தில் கேட்டால், தூணுக்குக் கவசம் அணிவிக்க நேரம் இருக்கும்.